தவில் வந்ததும் 300பி ஆம்ப் திணறுகிறது: என் ஸ்பீக்கருக்கு எந்த வால்வு ஆம்ப் சரி?

பாளை_ரசிகன்:

எல்லோருக்கும் வணக்கம். நல்ல வால்வு இன்டக்ரேட்டட் ஆம்ப் (ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில் இருப்பது) ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆறு லட்சம் வரை போகலாம். வாங்கினால் பல வருஷத்துக்கு மாற்றக் கூடாது.

ஸ்பீக்கர் ஹார்பெத் சூப்பர் எச்.எல்.5 பிளஸ். அதை மாற்றுவதாக இல்லை. இப்போது ஓடுவது 80 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப். அறை 12-க்கு 16 அடி. ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டர் தள்ளி உட்காருவேன். கேட்பது பெரும்பாலும் கர்நாடக சங்கீதம். நாகஸ்வரக் கச்சேரி என்றால் சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் கேட்பேன்.

நண்பர் ஒருவர் தன் 300பி சிங்கிள் எண்டட் ஆம்பை (சேனலுக்கு 300பி என்ற ஒரே பவர் வால்வு முழு அலையையும் தள்ளும் வகை) சில நாள் வைத்துக் கேட்கக் கொடுத்தார். சேனலுக்கு 8 வாட். வீணையில் ஒரு மீட்டு முழுசாக அடங்கும் வரை காதில் நிற்கிறது. பாடுபவர் மூச்சு எடுப்பது தெரிகிறது. இப்படி ஒரு குரலை என் வீட்டில் நான் கேட்டதே இல்லை. ஆனால் தவில் தனி ஆரம்பித்ததும் எல்லாம் ஒன்றோடொன்று குழம்புகிறது. தொப்பியில், அதாவது தவிலின் கோல் பக்கத்தில், விழும் அடிக்குக் கனமே இல்லை. தவில் கூடவே வாசிக்கும் இடங்களில் நாகஸ்வரமும் கரகரக்கிறது.

வால்வு பழசாகிவிட்டதா? அல்லது ஸ்பீக்கருக்குப் பொருந்தவில்லையா? என் பட்டியலில் 300பி ஆம்ப் ஒன்று, பிரைமாலூனா ஈவோ 300, ஈவோ 400, லெபென் சி.எஸ்.600எக்ஸ் இருக்கின்றன. லெபென் யோக்கோஹாமாவில் இருக்கும் மைத்துனர் மூலம் செகண்ட் ஹேண்டில் வரும்.

இன்னொரு கவலை. எங்கள் தெருவில் ராத்திரியில் 250 வோல்ட் வரை ஏறுகிறது.

சிங்கை_கேட்போன்:

வால்வைக் குறை சொல்லாதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கும். நானும் 300பிதான் வைத்திருக்கிறேன், தவிலும் கேட்கிறேன். ஆனால் என்னுடையது கிளிப்ஷ் ஹெரெசி 4, சென்சிடிவிட்டி (ஒரே அளவு பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) 99 டிபி. உங்கள் ஹார்பெத் 86 டிபி. இடையில் 13 டிபி இருக்கிறது, அதாவது பவரில் 20 மடங்கு. என் வீட்டில் 8 வாட் செய்கிற வேலையை உங்கள் வீட்டில் செய்ய 160 வாட் வேண்டும்.

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்: அந்த வீணையும் குரலும் உங்களைப் பிடித்துவிட்டது என்றால் ஸ்பீக்கரைத்தான் மாற்ற வேண்டும். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1938-இல் கொண்டுவந்த வால்வு இன்னும் தயாரிப்பில் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கேட்ட காதுக்கு மற்றது இறங்காது.

பாளை_ரசிகன்:

புரிகிறது, நன்றி. ஆனால் இந்த ஹார்பெத்தில் மிருதங்கமும் குரலும் வருகிற விதத்தை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஸ்பீக்கரை வைத்துக்கொண்டே வழி தேட வேண்டும்.

மதுரை_வால்வு_மெக்கானிக்:

தம்பி, எத்தனை வாட் வேணும்னு ஆளாளுக்கு ஊகம் பண்ண வேண்டாம். உங்க வீட்லயே அளந்துரலாம். உங்ககிட்ட டிரான்சிஸ்டர் ஆம்ப் இருக்குறது நல்லதாப் போச்சு.

120 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒண்ணு, மைனஸ் 12 டிபி லெவல்ல (ரெக்கார்டிங்ல வரக்கூடிய உச்சத்துக்கு 12 டிபி கீழ) தயார் பண்ணிக்கோங்க. இலவச சாஃப்ட்வேர்லயே பண்ணலாம். முதல்ல உங்க தவில் தனியைப் போட்டு, இதுக்கு மேல கூட்டவே மாட்டேன்ங்கிற அளவுக்கு வால்யூமைக் கூட்டுங்க. அப்புறம் வால்யூமைத் தொடாதீங்க. ஆம்பை ஆஃப் பண்ணிட்டு ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டுங்க. திரும்ப ஆன் பண்ணி அந்த டோனை ஓட விட்டு, ஸ்பீக்கர் டெர்மினல்ல மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்ல வச்சுப் பாருங்க. வர்ற எண்ணை நாலால பெருக்குங்க. 6 டிபிக்கு வோல்ட் ரெண்டு மடங்குன்னா 12 டிபிக்கு நாலு மடங்கு, அவ்வளவுதான் கணக்கு. அந்த வோல்ட்டை ஸ்கொயர் பண்ணி ஸ்பீக்கர் ஓம்ஸால (அதோட இம்பீடன்ஸ், அதாவது மின்தடை) வகுத்தா உங்களுக்கு வேண்டிய வாட் வந்துரும். ஹார்பெத்துக்கு 6 ஓம்ஸ் போடுங்க.

ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது. இதை அந்த 300பியில பண்ணவே கூடாது. வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாம ஓட்டி சிக்னல் கொடுத்தா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிரும்.

பாளை_ரசிகன்:

அண்ணாச்சி, அளந்துவிட்டேன். மீட்டரில் 3.4 வோல்ட். நாலால் பெருக்கினால் 13.6. ஸ்கொயர் 185, ஆறால் வகுத்தால் ஏறக்குறைய 31 வாட். சரிதானா? 80 வாட் ஆம்ப் வைத்துக்கொண்டு அது கூடப் போதாதோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதுரை_வால்வு_மெக்கானிக்:

சரிதான். இப்ப 8 வாட்ல ஏன் குழம்புதுன்னு தெரியுதா? 31-க்கும் 8-க்கும் நடுவுல கிட்டத்தட்ட 6 டிபி பள்ளம். தவிலோட உச்சி அடியெல்லாம் அந்தப் பள்ளத்துல விழுது. ஆம்ப் கிளிப் ஆகும்போது, அதாவது பவர் போதாம அலையோட உச்சி வெட்டுப்படும்போது, தவில் மட்டும் கெடாது, அந்த நேரத்துல என்ன ஸ்வரம் ஓடுதோ அதுவும் சேர்ந்து கெடும். அதான் நாகஸ்வரம் கரகரக்குது. வீணைக்கு ரெண்டு மூணு வாட் கூட வேண்டியிருக்காது, அதனால அது சுகமா இருந்துச்சு.

இன்னொரு விஷயமும் உண்டு. 300பி சிங்கிள் எண்டட்ல அவுட்புட் இம்பீடன்ஸ் பொதுவா அதிகம். ஸ்பீக்கரோட இம்பீடன்ஸ் ஏறி இறங்குற இடத்துல எல்லாம் சத்தமும் கூடக் குறைய ஆகும், பேஸ் மேல பிடி தளரும். புஷ் புல்லுல (வால்வுகள் ஜோடியா மாறி மாறித் தள்ளுற வகை) கொஞ்சம் ஃபீட்பேக்கும் (அவுட்புட்டைத் திரும்ப உள்ள கொண்டு வந்து திருத்துறது) இருந்தா அந்தப் பிடி திரும்ப வரும்.

உங்க பட்டியலைப் பார்ப்போம். லெபென் 30 வாட்டை ஒட்டின ஆம்ப். அருமையான வேலைப்பாடு, ஆனா உங்க அளவுக்கு விளிம்புல நிக்குது. ஈவோ 300 அல்ட்ராலீனியர்ல (வால்வை அதிக பவருக்கு ஓட்டுற முறை) 42 வாட், ஈவோ 400-ல 70 வாட். 70-ன்னதும் மலைச்சுப் போகாதீங்க. 42-க்கும் 70-க்கும் 2.2 டிபிதான் வித்தியாசம். அதுக்காக நாலு இ.எல்.34 பவர் வால்வு இருக்குற இடத்துல எட்டு ஓடுது. ஒரு இ.எல்.34 ஹீட்டர் (வால்வைச் சூடாக்குற இழை) 6.3 வோல்ட்ல 1.5 ஆம்பியர் இழுக்கும். எட்டுக்கு ஹீட்டர் மட்டுமே 75 வாட், பிளேட்ல வர்ற சூடு தனி. சித்திரை மாசம் பாளையங்கோட்டையில அந்த அறைக்குள்ள உக்காந்து பாருங்க. வால்வு மாத்துறப்பவும் எட்டு வாங்கணும். என் ஓட்டு ஈவோ 300-க்கு.

கோவை_தம்பூரா:

மெக்கானிக் சார் சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஒரு இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். இந்த இரண்டு ஆம்பிலும் ரிமோட்டிலேயே டிரையோடு (அதே வால்வைக் குறைந்த பவருக்கு ஓட்டும் முறை), அல்ட்ராலீனியர் மாற்றலாம். டிரையோடில் ஈவோ 300 தருவது 24 வாட், ஈவோ 400 தருவது 38. 300பியும் டிரையோடு வால்வுதான், பாளை நண்பர் அதில் மயங்கியவர்; டிரையோடில்தான் அதிகம் கேட்பார். அவர் அளந்த 31 வாட்டை டிரையோடில் தாண்டுவது 400 மட்டும்தான். என் வீட்டில் 400 இருக்கிறது. சூடு உண்மைதான், ஏ.சி. போட்டுத்தான் கேட்கிறேன்.

பயாஸ் (வால்வில் எப்போதும் ஓடும் மின்னோட்டத்தைச் சரியாக வைப்பது) பற்றி யாரும் சொல்லவில்லை. பிரைமாலூனாவில் அது தானாகவே சரி செய்துகொள்ளும், வால்வு கெட்டால் விளக்கு காட்டும், மேட்ச் ஆன செட் தேடி அலைய வேண்டாம். நம் ஊரில் இது பெரிய நிம்மதி. 2022-இல் ரஷ்ய வால்வுகள் வருவது தடைபட்டபோது பலர் தவித்தார்கள். இ.எல்.34 என்றால் ஸ்லோவாக்கியாவின் ஜே.ஜே., சீனாவின் ஸ்வேன் என்று மாற்று உண்டு. பின்னாளில் கே.டி.88 வால்வு போட்டுப் பார்க்க ஆசை வந்தாலும் இதே ஆம்பில் போடலாம்.

ஜப்பான் லெபென் வேண்டாம். அந்த ஊருக்கென்று விற்றது 100 வோல்ட். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் அது விகிதத்தைத்தான் குறைக்கும். உங்கள் 250 வோல்ட் அங்கே 109 ஆகப் போய் விழும். ரிப்பேர் என்றால் இங்கே யாரிடம் போவீர்கள்?

மதுரை_வால்வு_மெக்கானிக்:

தம்பூரா சார், 31 வாட்ங்கிறது தவில் தனிக்கு, அதுவும் உச்ச வால்யூம்ல. வீணையையும் குரலையும் அந்தச் சத்தத்துல யாரும் கேக்குறதில்ல. அதுக்கு டிரையோடுல 24 வாட் தாராளம். நாகஸ்வரம் போடும்போது ரிமோட்ல அல்ட்ராலீனியருக்கு மாத்திக்கிட்டா 42 இருக்கு. ரெண்டு தேவையும் 300-லயே முடிஞ்சிருது. ஆனா ஒண்ணு, இ.எல்.34-ஐ டிரையோடுல ஓட்டினா 300பி ஆயிராது. நல்லா இருக்கும், ஆனா அது வேற குரல்.

250 வோல்ட் விஷயத்துக்கு வருவோம். 230-க்குச் செஞ்ச டிரான்ஸ்ஃபார்மர்ல 250 ஏறினா ஹீட்டர் 6.3-ல இருந்து 6.85 ஆகும். பத்து சதவீத எல்லை 6.93, அதைத் தொடுற மாதிரி நிக்குது. எச்.டி. வோல்டேஜும் (வால்வோட பிளேட்டுக்குப் போற உயர் வோல்ட்) அதே அளவு ஏறும், கப்பாசிட்டருக்கும் ஆகாது. தினமும் ராத்திரி இப்படி ஓடினா வால்வு ஆயுசு குறையும். 1 கே.வி.ஏ. சர்வோ ஸ்டெபிலைசர் வாங்கி 230-ல நிறுத்துங்க. ஃப்ரிட்ஜுக்குப் போடுற ரிலே டைப் வேண்டாம், அது மாறும்போதெல்லாம் டக்குனு வோல்ட் குதிக்கும்.

பாளை_ரசிகன்:

அண்ணாச்சி, தம்பூரா சார், சிங்கை நண்பர் எல்லோருக்கும் நன்றி. லெபென் வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லிவிட்டேன். ஈவோ 300-ஐ வீட்டில் வைத்துக் கேட்க அனுமதித்தால் வாங்குகிறேன் என்று டீலரிடம் பேசியிருக்கிறேன். ஹார்பெத் 6 ஓம்ஸ் என்பதால் ஸ்பீக்கர் ஒயரை ஆம்பின் 4 ஓம்ஸ் டாப்பில் (முனையில்) போடுவதா, 8-இலா?

மதுரை_வால்வு_மெக்கானிக்:

ரெண்டுலயும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, எதுல போட்டாலும் ஆம்புக்கு ஆபத்து இல்ல. 4-ல அவுட்புட் இம்பீடன்ஸ் குறையும், தொப்பி இறுக்கமா வரும். 8-ல குரல் கொஞ்சம் விரிஞ்சு வரலாம். மாத்துறப்ப ஒவ்வொரு தடவையும் ஆம்பை ஆஃப் பண்ணிட்டு ஒயரைத் தொடுங்க. ஆம்புக்கு மேல ஒரு அடியாவது காலியா விடுங்க. டெமோவுக்கு அந்தத் தவில் தனியை எடுத்து வச்சு, 3.4 வோல்ட் அளந்தப்ப இருந்த அதே சத்தத்துல போட்டுக் கேளுங்க.