துறைத் தலைவர் கொலை: சாவு நேரத்தை மாற்றிக் காட்டும் கதைமுடிச்சு நிற்குமா?

கேள்வி:
வேதியியல் துறையில் நடக்கும் கொலைக்கதை. ஞாயிறு இரவு 10 மணிக்குத் துறைத் தலைவர் தன் அறையில் கொல்லப்படுகிறார். மறுநாள் காலை 8 மணிக்கு மருத்துவர் உடலைப் பார்க்கிறார். கொலையாளி அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவன். சாவு மாலை 6 மணிக்கே நடந்ததாகத் தோன்றினால் அவன் தப்பிப்பான், அப்போது அவன் கல்லூரி விழா மேடையில் இருந்தான். இதற்கு ஏசியைப் பயன்படுத்தலாமா? எதை வைத்து அவனைப் பிடிப்பது?

பதில் 1:
பயன்படுத்தலாம். கோடைக்காலமாக வையுங்கள். ஏசி 16 டிகிரியில் ஓடி, விடியுமுன் டைமரில் அணைந்துவிட வேண்டும். உடல் வேகமாகக் குளிர்ந்திருக்கும், அறையோ 8 மணிக்குள் பழைய சூட்டுக்கு வந்திருக்கும். ஏசி ஓடியது தெரியாத மருத்துவர் உடல் வெப்பத்தைப் பார்த்து, சாவு உண்மையில் நடந்ததற்கு முன்பே நடந்ததாகக் கணிப்பார்.

அதே குளிர் பிணவிறைப்பை, அதாவது சாவுக்குப் பின் தசைகள் விறைப்பதை, தாமதமாக்கும் என்பதுதான் கொலையாளி கணக்கில் விட்டது. விறைப்பு வழக்கமாக 2 முதல் 4 மணி நேரத்தில் இமையிலும் தாடையிலும் தெரியும், 12 மணி நேர அளவில் உடல் முழுக்கப் பரவும். வெப்பம் 14 மணி நேரம் என்கிறது, கால்களோ இன்னும் எளிதாக மடங்குகின்றன. இந்த முரண்பாடே உங்கள் துப்பு. கொலைக்கு முன் கைகலப்பு மட்டும் வேண்டாம். தசைகள் களைத்திருந்தால் விறைப்பு சீக்கிரம் வந்து, துப்பே அழிந்துவிடும்.

பதில் 2:
மருத்துவர் வாயில் "சரியாக 6 மணி" என்று வந்தால் விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். "5 முதல் 8 வரை" என்றுதான் சொல்வார். ஆகவே அரை மணி நேர மேடை போதாது. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குபவனாக்கி, நாலரை முதல் ஒன்பது வரை மேடையிலேயே நிறுத்துங்கள்.

பதில் 3:
உடல் தரும் துப்பு சந்தேகத்தைத்தான் கிளப்பும். அதை உறுதிப்படுத்துவது துறையின் அன்றாட வேலையிலிருந்து வர வேண்டும். இல்லையென்றால் இந்தக் கதை கல்லூரியில் நடக்க என்ன அவசியம்?

அடையாள அட்டையைக் காட்டித் திறக்கும் கதவின் பதிவை நம்பாதீர்கள். அது அட்டையைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. பல இடங்களில் வெளியேறுவது பதிவாகாது, உள்ளே இருந்து பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும்.

ஆய்வகக் குறிப்பேட்டைப் பிடியுங்கள். பக்க எண், தேதி, நெறியாளர் கையெழுத்து எல்லாம் அதில் உண்டு. மின்னணுத் தராசு அச்சிடும் சீட்டில் நேரமும் இருக்கும். அதை ஒட்டி, சீட்டின் ஓரமும் தாளும் சேரும் இடத்தில் கையெழுத்திடுவது நல்ல ஆய்வக வழக்கம். இளைய மாணவி ஒருத்தியின் குறிப்பேட்டில் ஞாயிறு இரவு 8.40 சீட்டின்மேல் தலைவரின் கையெழுத்து இருந்தால், 8.40க்கு அவர் உயிரோடு இருந்தார். அனுமதியின்றி விடுமுறையில் வேலை செய்ததால் அவள் வாய் திறக்கவில்லை. தராசின் கடிகாரம் சரியாக ஓடுகிறது என்பதை முன் அத்தியாயம் ஒன்றிலேயே போகிறபோக்கில் காட்டிவிடுங்கள்.

கொலைக்குக் காரணமாக, ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டை போதாது. மாணவன் தரவுகளைப் புனைந்ததைத் தலைவர் கண்டுபிடித்து, திங்களன்று கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் அனுப்பவிருந்தார் என்று வையுங்கள். ஞாயிறு இரவே ஏன் என்ற கேள்விக்கும் அதுவே விடை.