கார்ப் ஹீட்டை இழுத்ததும் எஞ்சின் இன்னும் மோசமானது: திரும்பத் தள்ளியது தவறா?

கேள்வி (டர்பன், தென்னாப்பிரிக்கா):

அனைவருக்கும் வணக்கம். தனியார் விமானி உரிமம் பெற்று ஓராண்டு ஆகிறது. மொத்தம் 90 மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு காலை, வாடகைக்கு எடுத்த செஸ்னா 150-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனின் வெர்ஜீனியா விமானத்தளத்துக்குத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. புறப்படும்போது வெப்பநிலை 17 பாகை, பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 14 பாகை. மேகத்துக்குச் சற்றுக் கீழே 4,000 அடியில் பறக்கும்போது, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் கருவியில் 2,400 சுழற்சியில் நின்றிருந்த முள், நான் த்ராட்டிலைத் (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) தொடாமலே 2,250-க்கு இறங்கியிருந்ததைக் கவனித்தேன். த்ராட்டிலைச் சற்றுத் தள்ளிச் சரிசெய்தேன். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் இறங்கியது, எஞ்சினும் லேசாக உதறத் தொடங்கியது.

அப்போது கார்ப் ஹீட் குமிழை, அதாவது கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் குமிழை, முழுவதும் இழுத்தேன். உடனே சுழற்சி 2,000-க்கும் கீழே விழுந்து, மாட்டு வண்டி கல்லில் ஏறுவதுபோல் விமானமே குலுங்கியது. பயந்துபோய் நான்கைந்து நொடிகளில் குமிழைத் திரும்பத் தள்ளிவிட்டேன். அதன் பிறகு முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. கடற்கரையை நோக்கித் தாழ்ந்து வந்தபோதுதான் தானாகத் தெளிந்தது. பத்திரமாக இறங்கிவிட்டேன். மறுநாள் பணிமனையில் ஒரு மணி நேரம் எஞ்சினை ஓட்டிப் பார்த்து, குறை எதுவுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குமிழைத் திரும்பத் தள்ளியது சரியா, தவறா என்பதே என் கேள்வி.

மறுமொழி (ஓய்வுபெற்ற பயிற்றுநர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

தவறுதான் தம்பி, ஆனால் புதிய விமானிகளில் பாதிப்பேராவது செய்யக்கூடிய தவறு. நீங்கள் சொல்லும் எல்லாம், காற்றையும் எரிபொருளையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடித்ததற்கான அடையாளங்கள். எரிபொருள் ஆவியாகும்போதும், குறுகிய கழுத்துப் பகுதியில் காற்றின் அழுத்தம் குறையும்போதும் உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கும் மேல் இறங்கிவிடும். அதனால் வெளியே 17 பாகை இருந்தாலும் ஈரமான காற்று த்ராட்டில் தகட்டின் மேல் உறைகிறது. நம் கடற்கரைப் பக்கத்து மழைக்குப் பிந்தைய காலை இதற்கென்றே அமைந்தது.

குமிழை இழுத்ததும் ஓட்டம் மோசமானதே, அது வேலை செய்ததற்குச் சாட்சி. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, ஆகவே கலவையில் எரிபொருளின் பங்கு மிகுந்து, அது கெட்டிப்பட்டுச் சுழற்சி விழும்; உருகிய பனி நீராகி எஞ்சினுக்குள் போவதால் குலுங்கும். அரை நிமிடமோ, சில வேளைகளில் அதற்கு மேலோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தால், முள் முதலில் இருந்த இடத்தைத் தாண்டி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். பனி இல்லாதபோது இழுத்தால், முள் ஏறத்தாழ நூறு சுழற்சி விழுந்து அங்கேயே நிற்கும், குலுக்கலும் இருக்காது. இந்த வேறுபாட்டைத் தரையிலேயே கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: அந்தச் சூடு புகைபோக்கிக் குழாயைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வருகிறது. எஞ்சின் அடங்கிப்போனால் குழாயும் ஆறிவிடும், பிறகு குமிழை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. எனவே 150 சுழற்சி காரணமின்றி இறங்கிய அந்த முதல் தடவையே, த்ராட்டிலைக் கூட்டுவதற்குப் பதிலாக, கார்ப் ஹீட் குமிழை இழுத்திருக்க வேண்டும். பாதியாக இழுப்பதும் கூடாது.

மறுமொழி (விமானப் பராமரிப்புப் பொறியாளர்):

பயிற்றுநர் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். பணிமனையில் எதுவும் கிடைக்காததில் வியப்பில்லை, ஏனெனில் சான்று உருகி வெளியேறிவிட்டது. உங்கள் விமானத்திலிருக்கும் கான்டினென்டல் ஓ-200 எஞ்சின் இந்தத் தொல்லைக்குப் பெயர்போனது. லைகமிங் எஞ்சின்களில் கார்புரேட்டர் எண்ணெய்த் தொட்டியோடு ஒட்டி இருப்பதால் ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும்.

ஆனாலும் பழியைப் பனியின் மேல் மட்டும் போட்டுவிட்டு மற்றவற்றை மறக்க வேண்டாம். மழை பெய்த இரவில் வெளியே நின்ற விமானமென்றால், காலையில் தொட்டிகளின் அடியிலிருந்து எடுத்த எரிபொருளில் நீர்க்குமிழ் இருந்ததா? பிரைமர் (எஞ்சினைக் கிளப்ப எரிபொருள் செலுத்தும் கைப்பம்பு) பூட்டியிருந்ததா? குமிழை இழுத்துப் பொறுத்த பிறகும் உதறல் தொடர்ந்தால், மிக்ஸ்சரைச் சற்று மெலிதாக்கி, அதாவது கலவையில் எரிபொருளைக் குறைத்துப் பாருங்கள். பிறகு, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒன்றில் சீராக ஓடினால் அதிலேயே விட்டுவிடலாம். ஒன்றில் எஞ்சின் அடங்கினால் உடனே இரண்டுக்கும் திருப்புங்கள். சாவி தவறி 'ஆஃப்' பக்கம் போய்விடக் கூடாது.

கேள்வி கேட்டவர்:

நன்றி ஐயா. எரிபொருளில் நீர் இல்லை, பிரைமரும் பூட்டியே இருந்தது. பொறுத்திருந்தும் எஞ்சின் தெளியாமலே போயிருந்தால் என்ன செய்வது? எனக்குக் கீழே ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு இருந்தது.

மறுமொழி (பயிற்றுநர்):

முதல் வேலை, மூக்கைத் தாழ்த்தி 60 நாட் வேகத்தைப் பிடிப்பது. அந்த வேகத்தில், காற்று இல்லையென்றால், ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை கடல் மைல் சறுக்கலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: உயரமானி காட்டுவது கடல்மட்டத்திலிருந்து 4,000 அடி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தளமே ஏறத்தாழ 2,400 அடியில் இருப்பதால், அங்கே உங்களுக்குக் கீழே உண்மையில் இருப்பது 1,600 அடிதான். ஆகவே முள் இறங்கத் தொடங்கிய கணமே சமதளம் இருக்கும் பக்கம் திரும்பிவிடுங்கள். காரணம் தேடுவதைத் திரும்பியபடியே செய்யலாம். வானொலியில் பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே 'மேடே' என்று ஆபத்து அழைப்பு சொல்லுங்கள், ரேடாருக்கு உங்களை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியான 7700 வையுங்கள். அரைகுறை சக்தியோடு ஓடும் எஞ்சின் முற்றாக நின்றதைவிட ஏமாற்றும், வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஆசை காட்டும்.

மறுமொழி (வடகரையில் பறப்பவர்):

கரும்பைப் பற்றி ஒரு சொல், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் 1860 முதல் இறங்கி உழைத்த வயல் அல்லவா. மேலிருந்து பச்சைக் கம்பளமாகத் தெரிந்தாலும், வளர்ந்த கரும்பு ஆளுயரத்துக்கும் மேல் நின்று சக்கரத்தைப் பிடித்து விமானத்தைக் கவிழ்த்துவிடும். அறுத்த வயலைத் தேடி, சால்களின் போக்கிலேயே, சரிவில் ஏற்றமாக இறங்குங்கள். அறுவடைப் பருவத்தில் எங்கேனும் கரும்பு எரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் புகை காற்றின் திசையைக் காட்டிவிடும். கடற்கரையென்றால் ஈரமணலில் இறங்குங்கள், உலர்மணலில் வேண்டாம்.

கேள்வி கேட்டவர் (இரண்டு வாரம் கழித்து):

பயிற்றுநர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு அதே வழியில் பறந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குமிழை இழுத்துப் பார்த்தேன்; இரண்டு தடவை நூறு விழுந்து அப்படியே நின்றது. மூன்றாம் தடவை, மேகத்தின் கீழ், விழுந்தது, குலுங்கியது. கை தானாகக் குமிழை நோக்கிப் போனது, பயிற்றுநர் தட்டிவிட்டார். இருபது நொடி எண்ணியிருப்பேன், முள் ஏறி முன்பிருந்ததைவிட 80 சுழற்சி கூடுதலாக நின்றது.