பாஷா கூடாரக் கயிறு மழையில் தொய்ந்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். தேசிய மாணவர் படையில் வெளிக்களப் பயிற்சி நடத்திப் பழகிய அண்ணன்மார், அக்காமாரிடம் ஓர் உதவி. உயர்நிலை 1 பிள்ளைகள் இந்த முறை பள்ளித் திடலிலேயே பாஷா, அதாவது போன்சோவை (தலைமூடி உள்ள மழை அங்கி) விரித்துக் கட்டும் கூடாரம், கட்டப் பழகப்போகிறார்கள். கயிறு கட்ட மரம் கிடையாது. ஒரு கூடாரத்துக்கு 2 போன்சோ, 2 கம்பு, ஒரு மேல்கயிறு, 10 முளை.

போன்சோவின் தலைமூடியை முறுக்கிக் கட்டாவிட்டால் நேரே முகத்தில் சொட்டும்; அதைச் செய்துவிடுகிறோம். மேல்கயிறு வழியே ஓடிவரும் தண்ணீரை இறக்க, கம்புக்கு வெளியே ஒரு துண்டு நூல் தொங்கினால் போதும். தலைவலியே பக்கக் கயிறுதான். நைலான் நனைந்தால் நீளும், துணி தொய்யும், தொய்வில் குளம் கட்டும். அந்த எடைக்கு, இளகின மண்ணில் முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். முளையின் தலையைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்த்துத்தான் அடிக்கிறோம். ஆனாலும் மெல்லிய கம்பி முளை மண்ணை அறுத்துக்கொண்டு நகர்கிறது.

ஈரக் கையோடு 13 வயதுப் பிள்ளை இழுத்து இறுக்கக்கூடிய, மெல்லிய கயிற்றில் வழுக்காத முடிச்சு எது? அகலத் தகட்டு முளை 20 யாரிடமாவது இரவல் கிடைக்குமா?

சுற்றிக் கால்வாய் வெட்டச் சொல்லாதீர்கள், திடலைத் தோண்ட அனுமதியில்லை. மின்னல் எச்சரிக்கை வந்தால் எல்லாரும் கட்டடத்துக்குள் போய்விடுவோம். என் கேள்வி சாதாரண மழைக்கு மட்டும்.