பிராவோஸில் எலுமிச்சை காய்க்குமா? மலையகத்து வாசகர்களின் சந்திப்புகள்

ஹட்டனிலிருந்து

கேம் ஒஃப் த்ரோன்ஸ் நாடகம் பார்த்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்கு மூலமான ஜோர்ஜ் மார்ட்டினின் புத்தகங்களைப் படித்தவர்களைத்தான் தேட வேண்டும். 1996இல் முதல் பாகம் வந்தது, 2011இல் ஐந்தாவது. ஆறாவதை இன்னும் காணோம். இதற்குள் நாடகம் 2019இல் தன் பாட்டுக்கு ஒரு முடிவைச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. "முடிவுதான் தெரியுமே, இன்னும் என்ன ஊகம்?" என்று கேட்பவரிடம் பேசிப் பிரயோசனமில்லை. புத்தகத்தில் பாதி ஆட்கள் நாடகத்துக்குள் வரவே இல்லை.

பதுளை கோச்சியில் பண்டாரவளைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நானுஓயாவில் வெள்ளைக்காரக் கூட்டம் இறங்கியதும் எதிர் இருக்கை காலியாகி, ஒருவர் வந்து உட்கார்ந்தார். கையில் நான்காம் பாகம், முதுகு உடைந்து, செலோடேப் ஒட்டியது. எட்டிப் பார்த்ததைக் கவனித்துவிட்டார். பிபிலைக்காரர், சிங்களவர், வீட்டில் தோடம்பழத் தோட்டம். பாதி சிங்களம் பாதி இங்கிலீஷ் என்று பேச்சு ஓடியது. ஐந்து நிமிடம்கூட ஆகியிராது, கேட்டார்: "நங்கி, அந்தச் சிவப்புக் கதவு வீட்டு எலுமிச்சை மரத்தை நீங்க நம்புறீங்களா?"

படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அரியணை இழந்து நாட்டைவிட்டுத் தப்பிய தரகாரியன் அரச குடும்பத்துப் பெண் டெனேரிஸ், சின்ன வயதில் பிராவோஸ் என்ற நகரத்தில் சிவப்புக் கதவு வைத்த பெரிய வீட்டில் வளர்கிறாள். ஜன்னலுக்கு வெளியே ஓர் எலுமிச்சை மரம். முதல் பாகத்திலேயே இது வந்துவிடுகிறது. நான்காம் பாகத்தில் ஆர்யா என்ற சிறுமி கப்பலில் பிராவோஸுக்கு வரும்போது, இந்த ஊரில் மரமே இல்லையே என்று கவனிக்கிறாள். எல்லாம் கல். அதுவோ உப்பங்கழிக்குள் தீவு தீவாகக் கிடக்கும் நகரம், எந்த நேரமும் மூடுபனி. எலுமிச்சை விளைவது தெற்கே, வெயில் கொளுத்தும் டோர்னில். அப்படியானால் அந்த வீடு உண்மையில் டோர்னில்தான் இருந்தது, டெனேரிஸுக்குச் சொல்லப்பட்ட பிறப்புக் கதையே பொய் என்று ஒரு கட்சி கிளம்பியது. இன்னும் ஓயவில்லை.

நானும் அந்தக் கட்சிதான். எங்கள் லயத்துப் பின்பக்கம் அம்மா வைத்த எலுமிச்சை இலை விடும், முள் விடும், காய் மட்டும் விடாது. குளிரில் அது சரிவராது என்று எனக்கு நிச்சயம்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "குளிரை விடுங்க, தண்ணியைப் பாருங்க" என்றார். எலுமிச்சைக் குடும்பத்து மரங்களுக்கு உப்பு ஆகாது. வேருக்கு உப்புத் தண்ணீர் போனால் இலை ஓரம் கருகி உதிர்ந்துவிடும். பிராவோஸின் கால்வாய்த் தண்ணீர் குடிக்கவே உதவாது, நல்ல தண்ணீர் கல் வாய்க்கால் வழியாக வெளியிலிருந்து வருகிறது. அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. குடிக்கிற தண்ணீரை மரத்துக்கு ஊற்ற யாரால் முடியும்? பெரிய பணக்காரனால் முடியும். மதில் கட்டி, குளிர்காற்று படாமல், முற்றத்துக்குள் ஒன்றை வளர்த்துவிடலாம். பெரிய மனிதர்களின் முற்றத்திலும் தோட்டத்திலும் மட்டும் மரம் உண்டு என்று அதே பாகம் சொல்லத்தான் செய்கிறது. ஆக அந்த வீடு பிராவோஸில்தான் இருந்தது, ஆனால் சாதாரண வீடு இல்லை என்பது அவர் கணக்கு.

பட்டிப்பொல வந்தது. 1,891 மீற்றர், இலங்கையின் மிக உயரமான ஸ்டேஷன். பனி ஜன்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. நான் அதைக் காட்டி, இங்கே உங்கள் தோடம்பழம் வருமா என்று கேட்டேன். "மதில் கட்டிக் கொடுத்தால் வளர்த்துக் காட்டுறேன்" என்றார். மனுஷனுக்குப் பிடிவாதம்.

தெமோதரை வளைவைப் பார்க்க வேண்டும் என்றிருந்தார், நான் அதற்கு முன்பே பண்டாரவளையில் இறங்கிவிட்டேன். வீட்டுக்குப் போய் ஐந்தாம் பாகத்தைப் புரட்டினால், அவர் சொல்லாத ஒன்று அகப்பட்டது. டெனேரிஸின் அண்ணன் விசெரிஸுக்கும் டோர்ன் இளவரசி அரியானுக்கும் கலியாணம் என்று ஓர் இரகசிய ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டது பிராவோஸில், பிள்ளைகளை வளர்த்த வில்லெம் டாரியும் டோர்னின் ஒபெரினும். சாட்சி யார்? பிராவோஸை ஆளும் கடலதிபர். ஊரிலேயே பெரிய மனிதர் சாட்சிக்கு நிற்கிறார் என்றால் பிள்ளைகள் அவர் நிழலில் இருந்திருக்கத்தானே வேண்டும்? எலுமிச்சை மரம் அவருடைய தோட்டத்து மரமாகவே இருக்கலாம், டோர்ன்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த கன்றாகவும் இருக்கலாம். இன்னொன்று, தப்பி ஓடிய காலத்தில் விசெரிஸுக்கு எட்டு வயது. எந்த ஊரில் வளர்ந்தோம் என்பது அவனுக்குத் தெரியாமல் போகாது. நான் கட்சி மாறிவிட்டேன்.

மஸ்கெலியாவிலிருந்து

என் சந்திப்பு வாசகரோடு இல்லை. புத்தகமே தொடாத ஒருவரோடு.

ஐந்தாம் பாகத்தில் அரியணை கேட்டுப் போரிடும் ஸ்டானிஸின் படை விண்டர்ஃபெல் கோட்டைக்குக் கிட்ட, பனிக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறதுதானே. இரண்டு ஏரிக்கு நடுவில் ஒரு பாழ் கிராமம். சாப்பாடு இல்லை, உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறார்கள். அந்த இடத்தோடு ஆசிரியர் நிறுத்திவிட்டார். ஏரியில் இவ்வளவு ஓட்டை போட்டது சும்மா இல்லை, எதிரிகளான ஃப்ரே குடும்பத்துக் குதிரைப்படை பனிப்புயலில் வழி தெரியாமல் ஓடி வரும்போது ஸ்டானிஸ் தன் விளக்கை அணைத்துவிட்டு ஏரி நடுத் திட்டில் வேறொரு தீயை ஏற்றுவான், அவர்கள் அதை நம்பி ஏரிமேல் வந்து உள்ளே போவார்கள் என்பதுதான் இரவு விளக்கு ஊகம். நான் கேட்ட ஊகங்களில் இதுதான் ஒழுங்கானது.

பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கதையாகச் சொன்னேன். மவுஸாகலை நீர்த்தேக்கத்துக்குள் போன பழைய மஸ்கெலியா டவுனில் பிறந்தவர். வரட்சி வந்து தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் கட்டடம் வெளியே தெரியும், ஆட்கள் இறங்கிப் போய்ப் பார்ப்பார்கள். அவர் போகமாட்டார். ஏன் என்றால், மேலே காய்ந்து வெடித்திருக்கும் சேறு காலை வைத்தால் உள்ளே இழுக்கும். "மாடு போயிருக்குது தம்பி, ஆளுக்கு என்னா? முன்னுக்குப் போறவன் நிப்பான், பின்னுக்கு வாறவன் தள்ளுவான். அங்கதான் எல்லாம் போகும்" என்றார்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஐஸ் உடைவதைவிடப் பின்னால் வரும் படை நிற்க முடியாமல் தள்ளுவதுதான் ஆளைக் கொல்லும். ஃப்ரே ஆட்களோடு சேர்த்து அனுப்பப்படுவது மாண்டர்லி படை, அவர்களுக்கோ ஃப்ரேக்களைக் கண்டால் ஆகாது. மிச்சத்தை நீங்களே யோசியுங்கள்.

கந்தப்பளையிலிருந்து

அம்மாச்சிக்கு இந்தக் கதையை நான் சொன்ன நேரம் அவர் டிராகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோடை ஒன்பது வருசம் ஓடியிருக்கு, அடுத்து அதேபோலக் குளிர்காலம் வரப்போகுது என்றதும், "அப்ப என்னத்த சாப்பிடுவாங்க?" என்றார். 1974 பஞ்சத்தைத் தோட்டத்தில் பார்த்தவர். அரிசியும் மாவும் வெட்டுப்பட்டு, கிழங்கும் கீரையும் தேடி அலைந்த காலம். கதையில் எந்த அரசன் வந்தாலும் முதலில் அவர் சாமான் கணக்குத்தான் கேட்பார்.

அதற்குப் பிறகுதான் நான் விண்டர்ஃபெல்லின் கண்ணாடித் தோட்டங்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். வெந்நீர் ஊற்றைச் சுவருக்குள் ஓடவிட்டு, கண்ணாடிக் கூரைக்குக் கீழே மரக்கறி வளர்க்கிறார்கள். எங்கள் அண்ணன் பொலித்தீன் கூடாரத்துக்குள் ஸ்ட்ரோபெரி போடுகிறார், அவருக்கு அது உடனே விளங்கியது. ஜனவரி, பெப்ரவரியில் வானம் வெளித்திருக்கும் இரவில் உறைபனி விழுந்தால் பள்ளத்துக் கொழுந்து முதலில் கருகும், கூடாரத்துக்குள் இருப்பது தப்பும். ஐந்தாம் பாகத்தில் அந்தக் கண்ணாடி எல்லாம் உடைந்து கிடக்கிறது. வடக்குச் சுவரின் காவல்படைத் தலைவன் ஜோன் ஸ்னோ பிராவோஸின் இரும்பு வங்கியில் கடன் வாங்கிச் சாப்பாடு வாங்கப் பார்க்கிறான், மிர் நகரத்துக் கண்ணாடி கொண்டுவந்து தோட்டம் போடவும் ஆசைப்படுகிறான். அவனைத்தான் அவனுடைய ஆட்களே குத்திப்போட்டார்கள். அவன் எழும்பி வந்தால் முதல் வேலை வாளா, மரக்கறியா என்பதுதான் அம்மாச்சி கேள்வி. எனக்கு மரக்கறி வெல்லும் என்று நம்பிக்கை இல்லை, மார்ட்டின் அவ்வளவு நல்லவர் இல்லை.

பதுளையிலிருந்து

எலுமிச்சைக்காரி அக்காவுக்கு ஒரு வார்த்தை. கட்சி மாறியது சரிதான், ஆனால் டோர்ன் ஆட்கள் கன்று கொடுத்தார்கள் என்பதெல்லாம் நீங்களாகச் சேர்த்தது.

என்னுடைய சண்டை இளம் கிரிஃப் என்ற பையனைப் பற்றியது. டெனேரிஸின் அண்ணன் மகன் எய்கோன் சாகவில்லை, இவன்தான் அவன் என்று ஐந்தாம் பாகத்தில் ஒரு பையனைக் கொண்டுவருகிறார்கள். தரகாரியன் கொடியில் சிவப்பு டிராகன். அந்தக் குடும்பத்திலிருந்து பிரிந்து கலகம் செய்த பிளாக்ஃபயர் ஆட்களுக்குக் கறுப்பு. டவுனில் கொம்மியூனிகேஷன் வைத்திருக்கும் நானா ஒருவர், ஃபோட்டோக்கொப்பி எடுக்கப் போன இடத்தில், நான்காம் பாகத்தில் பிரையீன் என்ற வீராங்கனை வழியில் கேட்கும் சத்திரக் கதையைப் போகிறபோக்கில் எடுத்துவிட்டார். சத்திரத்து வாசலில் இரும்பில் செய்த கறுப்பு டிராகன் பலகை. ஒரு பிரபு அதை உடைத்து ஆற்றில் போடுகிறார். பல வருடம் கழித்து அதன் ஒரு துண்டு கரையொதுங்குகிறது, துருப்பிடித்துச் சிவப்பாக.

கறுப்பு டிராகன் தண்ணீர் தாண்டி வந்தபோது சிவப்பு. கடல் தாண்டி வரும் இந்தப் பையனும் அப்படித்தான், சிவப்பு வேஷம் போட்ட பிளாக்ஃபயர். பையன் போலி என்று இதைவிட வெளிச்சமாக எப்படிச் சொல்வது? "அது சும்மா சத்திரக் கதை தம்பி, பெயர்ப்பலகைக்கெல்லாம் அர்த்தம் தேடாதீங்க" என்பது நானாவின் கட்சி. கதையை எடுத்துக் கொடுத்தவரே அதை நம்பவில்லை! கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டதால் அன்று விட்டேன். பையன் உண்மையான எய்கோன்தான் என்று நினைப்பவர்கள் இங்கே இருந்தால், பலகை ஏன் துருப்பிடித்தது என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.