நோட்டை நிறுத்தினால் காடு பிழைக்குமா?

அடையாறு அம்மா:
என் மகள் படிக்கிற பள்ளியில் அடுத்த வருஷத்திலிருந்து நோட்டு கிடையாது, எல்லாம் டேப்லெட்தான் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. நோட்டுக்காகக் காட்டை அழிக்கிறோமாம். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. உங்கள் கருத்து என்ன?

தாள் கடை, ஆண்டர்சன் தெரு:
அக்கா, பாரிமுனைப் பக்கம் தாள் வியாபாரம் பார்க்கிறேன், மனசு பொறுக்காமல் எழுதுகிறேன். தமிழ்நாட்டுத் தாள் என்றால் முதலில் கரும்புச் சக்கை. அதை வைத்துத்தான் 1979-ல் அரசு டி.என்.பி.எல். என்ற தாள் ஆலை நிறுவனத்தைத் தொடங்கியது, கரூர் அருகே புகளூரில் 1984-ல் உற்பத்தி. கரும்பு வெட்டு சில மாதம்தான், ஆலை வருஷம் முழுக்க ஓடணும். அதனால் சக்கையை மலை மாதிரி குவித்து, காயவிடாமல் நனைத்தே வைப்பார்கள். உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் 'பித்'தை முதலில் நீக்கணும். இல்லாவிட்டால் அது வேகவைக்கிற ரசாயனத்தையெல்லாம் குடித்துவிடும், தாளிலும் தண்ணீர் வடியாது. பிறகு காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் கூழ். மிஞ்சும் கறுப்புக் கழிவுநீரைச் சுண்டவைத்து பாய்லரில் எரித்து நீராவி எடுக்கிறார்கள், சோடாவும் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. இதில் காடு எங்கே வந்தது?

வரத்துவாரி:
அண்ணே, பாதிக் கதை சொல்றீங்க. அந்தச் சக்கை சும்மா கிடந்ததா? சர்க்கரை ஆலை பாய்லரில் எரிந்துகொண்டிருந்தது. அதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு நிலக்கரி கொடுத்தார்கள். மரத்துக்குப் பதில் கரி எரிகிறது, அவ்வளவுதான். சக்கை போதாமல் மரக்கூழும் சேர்க்கிறார்கள்.
நான் இருப்பது வேளச்சேரி, சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அந்தக் கூழுக்காக வளர்க்கிற தைல மரம் (யூகலிப்டஸ்) என்றால் எங்களுக்கு வயிறு எரியும். மரத்துக்கு ஈரம் நிற்கணும் என்று வரப்பு போட்டு மறித்தார்கள், மழைத்தண்ணீர் கண்மாய்க்கு வருவதே நின்றது. வெட்டினாலும் கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்கும். காட்டை அழிக்கவில்லை, சரி. எங்க கண்மாயை?

தாள் கடை, ஆண்டர்சன் தெரு:
தம்பி, நிலக்கரியும் கண்மாயும் உண்மை. அதில் நான் வாதாட மாட்டேன். ஆனால் எல்லா மரத்தையும் ஒரே கணக்கில் சேர்க்காதீங்க. கடலூர், விழுப்புரம் பக்கம் விவசாயி தன் நிலத்தில் சவுக்கு போட்டு நாலைந்து வருஷத்தில் தாள் கூழுக்கு விற்கிறார். சவுக்கு வேர் மண்ணுக்குத் தழைச்சத்தும் தருகிறது. நோட்டு வேண்டாம் என்றால் அந்த மனுஷனுக்கு என்ன பதில்?

வரத்துவாரி:
சவுக்குக்காரர் மேல் எனக்குக் கோபமே இல்லை. மேட்டுநிலத்துத் தைலத்தை எடுங்க, கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வாரியைத் திறந்துவிடுங்க. என் சண்டை அது ஒன்றுதான்.

பெரம்பூர் பழைய பேப்பர்:
நான் எடை போட்டு வாங்குறவன். வெள்ளைத் தாளைத் தனியா, அட்டையைத் தனியா கொடுத்தா மில்லு எடுத்துக்கும். ஒவ்வொரு தடவை கூழாக்கும்போதும் நார் குட்டையாகும், அஞ்சாறு தடவைக்கு மேல தாங்காது. சாம்பார் பட்ட தாள் வேலைக்கு ஆகாது. பிளாஸ்டிக் பூசின டீ கப்பை 2019 ஜனவரியிலிருந்தே நம்ம மாநிலத்துல தடை பண்ணியாச்சு, இன்னும் மூட்டை மூட்டையா வருது. குழந்தை நோட்டை நிறுத்துறாங்க, இதை யாரும் கேக்கல. எனக்கு வர்றதிலேயே சுத்தமான சரக்கு பள்ளிக்கூட நோட்டுதான்.

அடையாறு அம்மா:
மூன்று பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மகளுடைய போன வருஷ நோட்டையெல்லாம் தராசில் வைத்தேன். ஐந்து கிலோ. பிரித்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு எழுதாத பக்கம். பாடத்துக்கு இரண்டு நோட்டு கட்டாயம் என்று வாங்க வைத்ததும் இதே பள்ளிதான்.

தாள் கடை, ஆண்டர்சன் தெரு:
500 தாள் ஏ4 ரீம், 80 ஜிஎஸ்எம்மில் (சதுர மீட்டருக்கு 80 கிராம்), இரண்டரை கிலோ. உங்க ஐந்து கிலோ இரண்டு ரீம். எழுதாத பக்கத்தைப் பிரித்து எடுத்து வாங்க அக்கா, தைத்து அட்டை போட்டுத் தருகிறேன்.

அடையாறு அம்மா:
சனிக்கிழமை வருகிறேன். எழுதின பக்கம் பெரம்பூர் அண்ணனுக்கு. சுற்றறிக்கைக்குப் பதில் கடிதமும் எழுதப் போகிறேன். தம்பி, கண்மாய் விஷயத்தை அதில் சேர்க்கலாமா?

வரத்துவாரி:
சேருங்க அக்கா. ஊர்ப் பெயரோடு எழுதுங்க, தனியாக அனுப்புகிறேன்.