புதுப்பிப்பு: சொராரிட்டி வீட்டு நன்கொடைக்கு வரிக்கழிவு உண்டா?

அமெரிக்காவில் எங்கள் சொராரிட்டி (கல்லூரி மாணவிகள் சங்கம்) வீட்டின் கூரைக்கும் படிப்பறைக்கும் முன்னாள் மாணவிகள் தரும் பணத்துக்கு வரிக்கழிவு கிடைக்குமா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "நிதியை இரண்டாகப் பிரியுங்கள்" என்ற யோசனைதான். வீட்டை வைத்திருக்கும் கழகம் வரிச்சட்டத்தில் 501(சி)(7), அதாவது சமூக மன்ற வகை. அதற்குத் தருவதற்குக் கழிவு இல்லை. அதனால் கூரைச் செலவு அதன் கணக்கிலேயே. படிப்பறை மேசை, விளக்கு, இணைய வயரிங் மட்டும், நன்கொடைக்குக் கழிவு உள்ள 501(சி)(3) வகை (கல்வி, தொண்டு) அறக்கட்டளை வழியாக.

எதிர்பாராதது: அறக்கட்டளை தரை வரைபடம் கேட்டது. படிப்புக்கு மட்டுமே பயன்படும் சதுர அடியைக் குறித்துக் கொடுத்தோம். டிவி இருந்த அறை கணக்கில் சேரவில்லை. கழகத்தின் பெயருக்கு வந்த காசோலைகளையும் அறக்கட்டளை ஏற்கவில்லை, திருப்பி அனுப்பிப் புதிதாக வாங்கினோம். ஆகவே யார் பெயருக்கு எழுத வேண்டும் என்பதை வேண்டுகோள் கடிதத்தின் முதல் வரியிலேயே போடுங்கள். ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ தந்தவர், கழிவு கோர அறக்கட்டளையின் எழுத்துமூல ஒப்புகையை வைத்திருக்க வேண்டும்.