ஒரே வேலைக்கு ஒரே கூலிதானே, அப்புறம் என்ன இடைவெளி?

கணக்குப்பிள்ளை: அமெரிக்காவுல வெள்ளைக்கார ஆணுக்கு ஒரு டாலர்னா கறுப்பினப் பெண்ணுக்கு 70 சென்ட்கூடத் தேறாதுன்னு மறுபடி ஒரு படம் சுத்துது. முழுநேர வேலை பாக்கிற எல்லாரையும் ஒரே கூடையில கொட்டி எடுத்த நடுமதிப்பு (வரிசையா நிறுத்தினா நடுவுல நிக்கிறவங்க சம்பளம்) அது. டாக்டரையும் ஆயாவையும் சேத்து வெச்சா வித்தியாசம் வராம இருக்குமா? படிப்பு, அனுபவம், துறை மூணும் ஒரே மாதிரி இருக்கிறவங்களை ஒப்பிட்டுப் பாருங்க, இடைவெளி நல்லாவே சுருங்கும். ஒரே வேலைக்குக் குறைச்சுக் கொடுத்தா கேக்க 1963-லயே சம ஊதியச் சட்டம் வந்தாச்சு.

சேலத்துப்பொண்ணு: சுருங்கும், மறையாது. துறையைக் கழிச்சுட்டுப் பாக்கச் சொல்றீங்க. யார் எந்தத் துறையில போய்ச் சேந்தாங்கங்கிறதுதானே கேள்வியே? 1938-ல குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தப்ப வீட்டு வேலையையும் பண்ணை வேலையையும் வெளியே விட்டாங்க. தெற்கு மாநிலங்கள்ல அந்த ரெண்டுலயும் யார் இருந்தாங்கன்னு சொல்லணுமா? பெரும்பாலும் கறுப்பினத்தவங்கதான். வீட்டு வேலைக்காரங்களை உள்ளே சேக்க 1974 ஆச்சு. அப்பவும் முதியோரைப் பாத்துக்கிறவங்களை "சும்மா துணைக்கு இருக்கிறவங்க"ன்னு ஒதுக்கிட்டாங்க. அதை மாத்தி விதி எழுதினது 2013-ல!

கணக்குப்பிள்ளை: மாத்திட்டாங்கல்ல? அதுக்கு மேல ஏமாத்தினா கோர்ட்டுக்குப் போகட்டும்.

கறுப்புக்கோட்டு: போனாங்க சார். டீகிராஃபென்ரீட் வழக்கு, ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி மேல, செயின்ட் லூயிஸ் நகரத்துல. ஆட்குறைப்பு வந்தப்ப கடைசியா சேந்தவங்க முதல்ல வெளியே. 1964 வரைக்கும் கறுப்பினப் பெண்களை எடுக்காத கம்பெனியில கடைசியா சேந்தவங்க யாரா இருப்பாங்க? அப்படி வேலை போன அஞ்சு கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டாங்க. 1976 தீர்ப்பு என்ன தெரியுமா? பெண்களைத்தான் எடுத்திருக்காங்களே, அப்ப பெண்ங்கிறதால பாகுபாடு இல்ல. (எடுத்தது வெள்ளைக்காரப் பெண்களை, ஆபீஸ் வேலைக்கு.) நிறம்னா வேற வழக்கு நடக்குது, அதுல போய்ச் சேந்துக்கோங்க. ரெண்டையும் சேத்துக் கேக்கக் கூடாது. சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல எழுதின கட்டுரையில இந்த வழக்கைத்தான் பிரிச்சு மேஞ்சிருப்பாங்க.

அட்லாண்டா மாமா: சட்டம் எனக்குத் தெரியாது. மாமியார் இடுப்பெலும்பு முறிஞ்சு கிடந்தப்ப ஏஜென்சி அனுப்பின கறுப்பினத்து அம்மா ஒருத்தங்க, காலையில ஆறரைக்கு ரெண்டு பஸ் மாறி வருவாங்க. ஏஜென்சிக்கு நாங்க மணிக்கு 28 டாலர் கட்டினோம். அவங்க கைக்கு 12. சேரும்போது "போன இடத்துல என்ன வாங்கினே"ன்னு கேட்டு, அதுக்கு மேல அரை டாலர் போட்டாங்களாம். அந்தப் போன இடத்துலயும் இதே கதைதான்.

கணக்குப்பிள்ளை: பழைய சம்பளத்தைக் கேக்கிறது தப்பு, ஒத்துக்கிறேன். மாசசூசெட்ஸ் 2016-லயே அதைத் தடுத்துச் சட்டம் போட்டுச்சு. ஆனா மாமா, 28-ல 12ங்கிறது ஏஜென்சி கொள்ளை. வெள்ளைக்காரப் பொண்ணு வந்தாலும் அதே 12தான் கொடுத்திருப்பான்.

சேலத்துப்பொண்ணு: மாமா, அப்படி வெள்ளைக்காரப் பொண்ணு யாராவது வந்தாங்களா?

அட்லாண்டா மாமா: ரெண்டு வருஷத்துல ஏழு பேர் மாறி மாறி வந்தாங்கம்மா. ஒருத்தர்கூட இல்ல. ஏஜென்சி ஆபீஸ்ல போன் எடுக்கிற பொண்ணு மட்டும்தான் வெள்ளைக்காரப் பொண்ணு.